கமலவேணி வீட்டின் தெற்குச் சுவர்

வீட்டுக்கு பிளான் போட வருகிறவர்களிடம் தோமினிக் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்க சொல்ற அளவு உள்கூடா, வெளிக்கூடா?"

அறைக்குள் நின்று சுவருக்குச் சுவர் அளந்தால் அது உள்கூடு. சுவரின் கனத்தையும் சேர்த்து வெளியிலிருந்து அளந்தால் அது வெளிக்கூடு. எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு உள்கூடுதான் கணக்கு. மனையடி சாஸ்திரப்படி அறை எட்டடி இருக்கலாம், பத்தடி இருக்கலாம். ஏழும் ஒன்பதும் ஆகாது. பதின்மூன்று என்றால் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். பேரூராட்சி அலுவலகத்துக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் கிடையாது. மனையின் எல்லையிலிருந்து சுவரின் வெளிப்பக்கம் வரை எத்தனை அடி காலியாக விட்டிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பிழைத்தவன் தோமினிக்.

அவன் சேலம் டவுன்காரன். ஐ.டி.ஐ.யில் வரைபடப் படிப்பு முடித்துவிட்டு, எழுபத்து மூன்றாம் வருசம் எடப்பாடிக்குப் பக்கத்தில் இருந்த இந்தச் சின்ன ஊருக்கு வந்தான். பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேலே ஒரு அறை. விண்ணப்பம் எழுதுவது, ஊர்க் கணக்குப் பார்க்கிற கர்ணத்திடம் இடத்தின் வரைபடம் வாங்கி வைப்பது, கிரயப் பத்திரத்துக்கு நகல் எடுப்பது, பிளானை வரைந்து சேலத்துக்குக் கொண்டுபோய் நாலு நீலப் பிரதி போட்டு வருவது எல்லாம் அவன் வேலை. அப்போது சிமெண்டுக்குக்கூடப் பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. அதற்கும் அனுமதி கிடைத்த பிளானைக் காட்ட வேண்டும். ஆகவே வீடு கட்ட நினைக்கிற யாரும் தோமினிக்கின் மரப்படியில் ஏறாமல் இருக்க முடியாது. ஊரில் அவனைப் 'பிளான்காரர்' என்றார்கள். தோமினிக் என்ற பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வியை அவன் ஆறு வருசத்தில் ஒரே ஒருவரிடம்தான் கேட்காமல் விட்டான். அவர் ஆத்தாயி.

ஆத்தாயி தோட்டத்துக்காரர். புருசன் போன பிறகு கிணற்றையும் நாலு ஏக்கரையும் தானே பார்த்துக்கொண்டவர். ஒரே மகள் கமலவேணி. அவளுக்கு இருபத்தெட்டு வயது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போய்விட்டது. தையல் கற்றுக்கொண்டிருந்தாள். சும்மா ஒட்டுப் போடுகிற தையல் இல்லை, கல்யாண ரவிக்கை தைக்கிற தையல். ஆனால் தோட்டத்து வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டு மைல். அவளால் அங்கே போக முடியாது, துணி தைக்கக் கொடுக்கிற பெண்கள் அங்கிருந்து நடந்து வர மாட்டார்கள். அதனால் ஊருக்குள் கடைவீதிக்குப் பக்கத்துத் தெருவில் இருபதடி அகலத்தில் ஒரு மனையை அவள் பெயரிலேயே வாங்கினார்கள். தெருவைப் பார்த்து ஒரு அறை. அது தையல் கடை. அதற்குப் பின்னால் படுக்க ஒரு அறை, அதற்கும் பின்னால் சமையல் அறை. ரயில் பெட்டி மாதிரி ஒரு வரிசை. கமலவேணிக்கு வேண்டியது அந்த முன் அறைதான். அங்கே மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் யாருடைய தயவும் இல்லாமல் அவள் பாட்டைப் பார்த்துக்கொள்வாள்.

ஆத்தாயி மஞ்சள் பையில் பத்திரத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு படியேறி வந்த அன்று, தோமினிக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தான். சேலம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மரியபுஷ்பத்துக்கு விடிகாலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. தகவல் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"ரண்டு பக்கமும் எத்தன அடி தம்பி உடோணும்?" என்று கேட்டார் ஆத்தாயி.

"அஞ்சஞ்சு அடிங்கம்மா."

"அஞ்சும் அஞ்சும் பத்து. மனை இருவது. மிச்சம் பத்து. சின்னண்ணங் கொத்தனாரு பத்தடிதான் வேணும்னு சொன்னாரு. பாரு சாமி, அளந்து வெச்ச மாதிரி இருக்குது."

தோமினிக்கும் அப்படித்தான் நினைத்தான். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் சந்தேகம் வரவில்லை. பத்தடி என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த சந்தோசத்தில், மறுநாள் வெளிக்கூடு பத்தடி என்று வரைந்து, நீலப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டான். ஒன்றரை மாதத்தில் அலுவலகம் முத்திரை வைத்து அனுமதி கொடுத்தது.

ஆத்தாயி அந்தப் பிளானைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அதை யாரும் பிரிக்கவில்லை. கொத்தனார் சின்னண்ணனும் கேட்கவில்லை. அவருக்கு நீலக் காகிதத்தைப் பார்த்துக் கட்டிப் பழக்கமில்லை. பத்தடி என்றால் உள்கூடு பத்தடி. வடக்கே சரியாக ஐந்தடி விட்டுக் கயிறு பிடித்து, பதினாலு அங்குலச் சுவராக இரண்டு பக்கமும் எழுப்பினார்.

பிளான் வரைந்த ஐந்தாம் மாதம், சுவர் ஜன்னலுக்கு மேல் மட்டம் வரை வந்தபோது, பேரூராட்சி ஓவர்சியர் டேப்போடு வந்தார். வடக்குப் பக்கம் அளந்தார். ஐந்தடி. தெற்குப் பக்கம் அளந்தார். இரண்டடி எட்டு அங்குலம். இன்னொரு தரம் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிளான்ல வீட்டு அகலம் பத்தடி. நீங்க கட்டியிருக்கிறது பன்னெண்டடி நாலு அங்குலம். பதினஞ்சு நாள்ல தெற்குச் சுவரச் சரி பண்ணிருங்கம்மா. இல்லன்னா அனுமதி ரத்தாயிரும், நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஆத்தாயிக்குப் பயம் வந்தது. தெற்கே இருப்பது ஊர்ப் பொதுச் சந்து. பக்கத்து மனை என்றால் இரண்டடி கேட்டு வாங்கலாம். சந்தில் இரண்டடியை யாரிடம் போய்க் கேட்பது?

அவர் சின்னண்ணன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இத்தன வருசமாக் கட்டறயே, பத்தடி எவ்வளவுன்னு தெரியாதா உனக்கு?"

"கோலு தாரேன் ஆத்தா. உள்ள வந்து நீங்களே அளங்க. பத்துக்கு ஒரு நூலு கூடியிருந்தா என்ற மீசைய எடுத்தர்றேன்."

"உன்ற மீசைய வெச்சு நா என்ன பண்றது? செவுத்துக்குப் பூசறதா?"

தோமினிக்குக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் வந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தான். சின்னண்ணன் கோலை வைத்துப் பத்தடி அளந்து காட்டினார். தோமினிக் சுவரின் கனத்தைப் பார்த்தான். ஒரு சுவர் ஒன்றே கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு சுவர் சேர்ந்தால் இரண்டடி நாலு அங்குலம். யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

"பிளானைப் பாத்துட்டு வந்து சொல்றேங்கம்மா" என்றான்.

"பாத்துட்டு வா சாமி. இந்த ஆளு கெடுத்துட்டான்."

சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவில் அவருக்கு அடுத்த வேலை பேசியிருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்காரர், "எதுக்கும் வேற ஆளப் பாத்துக்கறோமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தோமினிக் வீட்டுக்குப் போனதும் சோறு வேண்டாம் என்றான். மரியபுஷ்பம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்ன என்று கேட்டாள். சொன்னான். சொல்லும்போதே, "அன்னைக்குப் பாப்பா பொறந்த அவசரம். மனசு இங்க இல்ல. இல்லன்னா கேட்டிருப்பேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

"அப்படின்னா தப்பு பாப்பா மேலயா?"

"அப்படிச் சொல்லலயே."

"சொல்லாதீங்க. பொறந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள பழியப் போடாதீங்க." அவள் சிரிக்கவில்லை. "கொத்தனாருக்கு வேலை போச்சுன்னு சொன்னீங்களே, அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சனிக்கிழமை சர்ச்சுல சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரலாம், புஷ்பம். ஆத்தாயிகிட்டச் சொல்றதுதான் முடியல" என்றான்.

"சாமியார் வீடா கட்டறாரு? யாரு சுவரு இடிபடுதோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." குழந்தையை அவன் மடியில் விட்டுவிட்டு, "இப்ப சாப்பிடுங்க. பட்டினியாப் போனா அங்க போய் மயக்கம் போட்டு விழுவீங்க. அப்புறம் அவங்கதான் உங்களத் தூக்கணும்" என்றாள்.

மறுநாள் காலையில் தோமினிக் போனபோது மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். சின்னண்ணன் கூலி வாங்குவதற்காக வந்திருந்தார். ஆத்தாயி அவருக்கு முகம் கொடுக்காமல் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கமலவேணி அன்று காலையில்தான் தோட்டத்திலிருந்து வண்டியில் வந்திருந்தாள். கூரையில்லாத முன் அறையின் நடுவில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தையல் டேப் தொங்கியது.

தோமினிக் நின்றபடியே சொன்னான். "கொத்தனார் மேல தப்பு இல்லீங்கம்மா. நீங்க சொன்ன பத்தடி உள்கூடு. நான் கேக்காம விட்டுட்டு வெளிக்கூடுன்னு வரஞ்சுட்டேன். எல்லாரையும் கேப்பேன். உங்களைக் கேக்கல."

ஆத்தாயி அவன் பக்கம் திரும்பினார். "நேத்து வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்காமப் போன? அந்த மனுசன நா பேசாத பேச்சு பேசிப்போட்டேனே."

"பேசுனீங்க. பேசுனீங்க" என்றார் சின்னண்ணன். "மீசை வரைக்கும் பேசுனீங்க." பிறகு தோமினிக்கைப் பார்த்து, "ஏனுங்க பிளான்காரரே, நானும் ஒரு தரம் அந்தக் காகிதத்தப் பிரிச்சுப் பாத்திருக்கோணும். அது சாமிகூட இருந்துது. எப்படிக் கேக்கறது?" என்றார்.

கமலவேணி தோமினிக்கைக் கூப்பிட்டாள். "ஏனுங்ணா, நாங்க ரவிக்கைக்கு ஒடம்பு அளவு எடுத்தா, அதுக்கு மேல தையலுக்குன்னு துணி உடுவோம். உடாட்டிப் பத்தாது. அந்த மாதிரிதானுங்களா இது?"

"அதே மாதிரிதான்மா. தையலுக்கு விட மறந்துட்டேன்."

"சரி. இப்ப இந்தச் செவுரு உள்ள வந்தா எனக்கு எத்தன அடி மிச்சம்?"

"ஏழடி எட்டு அங்குலம்."

"ஏழு ஆகாதுங்க" என்றார் சின்னண்ணன் உடனே. "ஏழுல நா கட்டித்தர மாட்டேன். பொண்ணு தனியா இருக்கப்போற ஊடு."

ஆத்தாயி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுகிற ஆள் இல்லை என்று தோமினிக்குக்குத் தெரியும். அதனால் அவன் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கமலவேணி மட்டும் டேப்பை எடுத்து, கைத்தடியை ஊன்றி எழுந்து போய், தெற்குச் சுவரின் ஜன்னல் ஓரத்தில் அதன் கனத்தை அளந்தாள். "பதினாலு அங்குலம். துணி மொத்தமா இருந்தா தையலுக்கு நெறைய போகும். செவுரு இத்தன மொத்தமா இருக்கோணும்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

"மாடி ஏத்தறதுக்குக் கனம் வேணும் அம்முணி" என்றார் சின்னண்ணன். "ஒம்பது அங்குலத்துல கட்டுனா ஓட்டுக் கூரைக்குத்தான் தாங்கும்."

"மாடி கட்டி ஆருங்க ஏறப்போறா? நானா?"

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதால் மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். தோமினிக் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு செங்கல் மேல் கணக்குப் போட்டான். பதினாலுக்குப் பதில் ஒன்பது என்றால் ஐந்து அங்குலம் மிச்சம். ஏழடி எட்டு அங்குலத்தோடு ஐந்து.

"எட்டடி ஒரு அங்குலம்" என்றான். "வெளிக்கூடு சரியாப் பத்தடி. பிளான்படியே வந்துருது. புதுசா அனுமதி வேண்டியதில்ல."

"அந்த ஒரு அங்குலம் இடிக்குதே" என்றார் ஆத்தாயி.

சின்னண்ணன் அறையின் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பூச்சு போடோணுமல்லங்க ஆத்தா. இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம்."

எட்டடி. மனையடிக்கும் ஆகும், அலுவலகத்துக்கும் ஆகும்.

ஆத்தாயி மகளைப் பார்த்தார். "உனக்கு ஆகுமா கண்ணு?"

"பொய் சொல்ல மாட்டனம்மா. பத்தடின்னுதான் மனசுல வெச்சிருந்தேன். ரண்டு மிஷினு போட்டு, ஒரு புள்ளயச் சேத்துக்கலாம்னு இருந்தேன். இப்ப ஒரு மிஷினுதான் ஆகும்." டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "ஒண்ணப் போட்டுட்டு ஒக்காரலாம். தோட்டத்துலயே ஒக்காந்திருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள்.

இடிக்கிற செலவைத் தான் தருவதாகத் தோமினிக் சொன்னான். "களிமண்ணு வெச்சுத்தான கட்டியிருக்குது" என்றார் ஆத்தாயி. "கல்லு முழுசா வரும். மெல்லிசுச் செவுத்துக்குக் கல்லு மிச்சம்கூட ஆவும். நீ உன்ற வேலையப் பாரு." அவர் கோபம் முழுக்கத் தணிந்துவிடவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் அவன் கிளம்பும்போது, "பக்கத்துத் தெருக்காரன்கிட்டச் சின்னண்ணனுக்காக நீ போய்ப் பேசு" என்றார்.

அவன் அன்றைக்கே போய்ப் பேசினான். தப்பு தன்னுடையது என்று அந்த வீட்டு வாசலில், நாலு பேர் கேட்கச் சொன்னான். அது ஊர் முழுக்கப் பரவியது. ஒரு வாரத்துக்கு அவன் மரப்படியில் ஏறி வந்தவர்கள் குறைவு. ஆனால் சின்னண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

தெற்குச் சுவரைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிய நாளெல்லாம் தோமினிக் காலையில் அறையைத் திறப்பதற்கு முன் அங்கே வந்து செங்கல் சுமந்தான். பழக்கமில்லாத கை. இரண்டாவது நாளே தோல் உரிந்துவிட்டது. "காகிதத்துல கட்டறதுன்னா கையி நோவாதுங்க, இல்லீங்களா?" என்றார் சின்னண்ணன், சாந்தைக் குழைத்துக்கொண்டே. "இந்த மாதிரி இன்னும் நாலு ஊட்டுக்குப் பிளான் போடுங்க, நல்ல சித்தாளா ஆயிருவீங்க." தோமினிக் சிரித்தான். அந்தக் கேலி அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் ஓவர்சியர் வந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேடினார். கமலவேணி பெட்டியிலிருந்து எழுந்து, சுவரில் கை ஊன்றி வந்து, பூஜ்யம் இருக்கிற முனையைச் சுவரின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஓவர்சியர் சந்து எல்லைக் கல் வரை போய்க் குனிந்து பார்த்தார்.

"தொய்யாமப் புடிங்க சார்" என்றாள் கமலவேணி. "தொஞ்சா அளவு பொய் சொல்லும்."

"எனக்கேவா?" என்றார் அவர். இழுத்துப் பிடித்துப் படித்தார். "அஞ்சடி." நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆத்தாயி அந்தக் கையெழுத்து காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

எண்பதாம் வருசம் தை மாதம் பால் காய்ச்சினார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், தோமினிக் அந்தப் பக்கம் போனவன் உள்ளே நுழைந்து பார்த்தான். வடக்குச் சுவரை ஒட்டித் துணி வெட்டுகிற மேசை, தெற்குச் சுவரை ஒட்டி மிஷின். நடுவில் போவதற்கு ஒரு ஆள் அகலத்துக்கு வழி. கமலவேணி கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, ஒரு கையால் மேசை விளிம்பையும் மறு கையால் மிஷினையும் பிடித்து அந்த வழியில் போய் வந்துகொண்டிருந்தாள். எட்டாத இடம் என்று அந்த அறையில் ஒன்றும் இல்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான்.

"இன்னொரு மிஷினுக்கு எடமில்லைங்கற நெனப்பு இருக்குதுங்ணா. அது போவாது." மேசையைப் பிடித்தபடி நின்று யோசித்தாள். "ஆனா தடியில்லாம வேல செய்யறேன். அத எந்தப் பிளான்லயும் நா கேக்கல."

அதற்குள் இரண்டு பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம். கமலவேணி டேப்பை எடுத்து, "நேரா நில்லுங்க, மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க" என்றாள். நாலு பேர் நிற்க இடமில்லை. தோமினிக் பக்கவாட்டில் திரும்பி, மிஷினைத் தாண்டி, தெருவில் இறங்கி நின்று, அவள் சொல்கிற அளவுகளைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.